தண்ணீரை மாற்றாத நீச்சல்குளம்

அடி அண்ணாமலையில் நீச்சல்குளமா என்று கேட்கிறவர்கள் உண்டு. திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் கண்ணில் படுவது ஆதி அண்ணாமலையார் கோயிலும் சாலையோரக் கடைகளும்தான். பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் மணிலாக்கொட்டையும் நெல்லும் விளைந்த நிலங்கள் மனைகளாகி, தோட்ட வீடுகளாகி நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் சில வீடுகளில் நீல ஓடு பதித்த குளமும் இருக்கிறது. அப்படி ஒன்று என் அக்கா வீட்டில் இருக்கிறது. அக்காவும் மாமாவும் சிங்கப்பூரில். இங்கே அம்மா இருக்கிறார். முட்டித் தேய்மானம் உள்ள அவருக்கு மருத்துவர் சொன்ன தண்ணீர் நடைப்பயிற்சி இந்தக் குளத்தில்தான் நடக்கிறது. குளத்தையும் அதன் மோட்டார் ரூமையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

தண்ணீர் அரிதான ஊர் இது. மலையடிவாரத்தில் மண்ணுக்குக் கீழே பாறை. போர்வெல்லில் வருவது கடினத்தன்மை கூடிய தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, வாளியில் வெள்ளை வளையம். சித்திரை, வைகாசியில் பக்கத்து வயல்காரர் தன் போரில் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும்போது, நாம் குளத்தைக் காலி செய்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தால் அது நியாயமே இல்லை. நீச்சல்குளம் வைத்திருப்பவர் ஒரே தண்ணீரை வருடக்கணக்கில் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மோட்டாரும் ஃபில்டரும் அதற்காகத்தான் இருக்கின்றன. ‘தண்ணி பச்சையாயிடுச்சு, இறைச்சுட்டு புதுசா நிரப்பிடலாம்’ என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான்.

மலையைச் சுற்றியுள்ள பழைய தீர்த்தங்களுக்கு மோட்டார் கிடையாது. மழைநீர் மலைச்சரிவில் இறங்கி வந்து நிறையும், மீன் கொசுப்புழுவைத் தின்னும், மண்ணும் செடியும் அழுக்கை வாங்கிக்கொள்ளும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளியது திருவண்ணாமலையில் என்பது மரபு. அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. மார்கழி விடியலில் பெண்கள் கூடிக் குளத்தில் நீராடுவதைச் சொல்லும் அந்தப் பாட்டின் குளம் உயிருள்ள குளம். ஓடு பதித்த நம் குளத்தில் மீனும் இல்லை, மண்ணும் இல்லை. அவை செய்யும் வேலையை இயந்திரமும் மருந்தும்தான் செய்தாக வேண்டும்.

தண்ணீர் போகும் வழி எளிது. மேல்மட்ட நீரை ஸ்கிம்மரும் அடிமட்ட நீரை மெயின் டிரெயினும் உள்வாங்குகின்றன. பம்பின் முன்கூடையில் இலை, முடி தங்கும். பிறகு மணல் ஃபில்டர். அங்கிருந்து சுவரில் உள்ள ரிட்டர்ன் வாய்கள் வழியாகத் தண்ணீர் மறுபடி குளத்துக்கு வரும். எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 45,000 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்பு என்றால் முழுத் தண்ணீரும் ஒருமுறை சுற்றிவர நான்கரை மணி நேரம். கோடையில் இன்னும் கொஞ்சம் கூட்டி ஓட்டுவேன்.

மோட்டார் ரூமுக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் தலையில் இருக்கும் பிரஷர் மீட்டர். அதன் முள் சொல்லாத சேதியே கிடையாது. பேக்வாஷ் (தண்ணீரை மணலுக்குள் எதிர்த்திசையில் ஓட்டி அழுக்கை வெளியே தள்ளுவது) செய்து முடித்ததும் முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். எங்கள் ஃபில்டருக்கு அது 0.8 கிலோ. (கிலோ என்று நம் பிளம்பர்கள் சொல்வது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் என்பதை.) உங்கள் ஃபில்டருக்கு வேறாக இருக்கும், அதில் தவறில்லை. அந்தக் கோட்டிலிருந்து அரை கிலோ, அதிகம் போனால் 0.7 கிலோ ஏறினால் மணலில் அழுக்கு நிறைந்துவிட்டது என்று பொருள். அப்போது பேக்வாஷ் செய்தால் போதும்.

சனிக்கிழமை தவறாமல் பேக்வாஷ் என்று வழக்கம் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அது வேண்டாத செலவு. மணிக்கு 10,000 லிட்டர் பம்பு மூன்று நிமிடம் பேக்வாஷில் ஓடினால் 500 லிட்டர் வெளியே போகிறது. அதுமட்டுமல்ல, லேசாக அழுக்குப் பிடித்த மணல் புதிதாகக் கழுவிய மணலைவிட நன்றாக வடிகட்டும். மணிகளுக்கு இடையே தங்கிய தூசியே இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். ஆகவே நாள் பார்த்துச் செய்யாதீர்கள், முள்ளைப் பார்த்துச் செய்யுங்கள். செய்யும்போது, ஃபில்டரின் நிலைகளை மாற்றும் மல்டிபோர்ட் வால்வில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்தலாம். அதன்பின் அரை நிமிடமாவது ரின்ஸ் வைக்க வேண்டும். அதை விட்டால் மணலடியில் தங்கிய அழுக்கு நேராகக் குளத்துக்குள் வரும்.

அந்த மல்டிபோர்ட் வால்வு பற்றி ஒரு கண்டிப்பான விதி: மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது. நிறுத்தி, முள் சுழியத்துக்கு இறங்கியபிறகு, கைப்பிடியை அழுத்தித் திருப்ப வேண்டும். உள்ளே சக்கரத்தின் ஆரங்களைப்போல ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. ஓடும்போது திருப்பினால் அது பிய்ந்துவிடும், அல்லது இடம் நகரும். பிய்ந்த கேஸ்கெட்டின் அடையாளம் எளிதில் கண்ணில் படாது. ஃபில்டர் நிலையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல இருக்கும், ஆனால் கழிவுக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். கழிவுக் குழாய் செடிக்குள் மறைந்திருந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. குளத்தில் லீக் என்று ஓடுகளைப் பெயர்க்கத் தொடங்குவதற்கு முன், மோட்டார் ஓடும்போது அந்தக் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள்.

முள்ளுக்கு வருகிறேன். பிரஷர் ஏறினால் அடைப்பு ஃபில்டரிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. இறங்கினால் கோளாறு பம்புக்கு முன்னால்: கூடை நிறைந்திருக்கலாம், ஸ்கிம்மர் வாயில் இலை அடைத்திருக்கலாம், காற்று உள்ளே போகலாம். முள் ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காற்றுதான். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இந்த ஒரு பாகுபாட்டைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. “மோட்டார் ஓடுதுண்ணே, ஆனா தண்ணி இழுக்க மாட்டேங்குது.” பக்கத்துத் தோட்ட வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இப்படிச் சொன்னபோது அவரே பம்பைக் கழற்றத் தயாராக ஸ்பானரும் கையுமாக நின்றிருந்தார். “தம்பி, முதல்ல குளத்துல தண்ணி எந்த மட்டத்துல இருக்குன்னு பாரு” என்றேன். ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெயில் குடித்த தண்ணீரை யாரும் நிரப்பவில்லை. ஸ்கிம்மர் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது. மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எந்தப் பம்பும் ஏர் பிடிக்கும்.

மட்டம் சரியாக இருந்தும் ரிட்டர்ன் வாயில் குமிழ் வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பம்பின் கண்ணாடி மூடி. மூடிக்கடியில் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது அதில் ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வாசலைன் தடவாதீர்கள், பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். அதிலும் தீரவில்லை என்றால் பம்புக்கு முன்னால் உள்ள யூனியன், பால் வால்வு, இணைப்புகள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ஷேவிங் கிரீம் நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள், ஓட்டை உள்ள இடம் நுரையை உள்ளே இழுக்கும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் காலம் தனி. பூ சிறியது. கூடையின் துளை வழியாக நுழைந்து, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இடுக்குகளில் போய் அடையும். மோட்டார் சத்தம் சரி, மூடி சரி, மட்டம் சரி, ஆனாலும் தள்ளல் குறைவு என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கூடையை எடுத்து, உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் நான் கூடைக்குள் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுகிறேன். தினம் கழுவ வேண்டும், ஆனால் இம்பெல்லரைக் கழற்றும் வேலை மிச்சம்.

சுவிட்ச் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டுச் சுற்றாமல் நிற்கும் மோட்டார் அடுத்த வகை. காயில் போய்விட்டது என்று உடனே வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கண்டன்சர். உருளை போன்ற அந்தச் சின்ன உறுப்பு வலுவிழந்தால் மோட்டாருக்குத் தொடக்க உந்துதல் கிடைக்காது. மாற்றும்போது பழையதில் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவும் வோல்டேஜும் புதியதில் இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் இதை எலக்ட்ரீசியன்தான் தொட வேண்டும். உறுமலோடு விட்டுவைத்தால் உண்மையாகவே காயில் எரிந்துபோகும். உடனே அணையுங்கள்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. சுழலும் தண்டைச் சுற்றி இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று உரசி நிற்கும் அமைப்பு அது. அவற்றைக் குளிர வைப்பதே தண்ணீர்தான். பம்பு சில நிமிடம் வெறுமனே ஓடினால் போதும், சூட்டில் சீல் கருகிவிடும். சொட்டுதானே என்று விட்டால் அந்தத் தண்ணீர் தண்டு வழியே மோட்டாருக்குள் போய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு கீச்சென்ற சத்தம், அதன்பின் மோட்டாரே போகும். சீலின் விலை மோட்டார் விலையில் மிகச் சிறு பகுதி. இதில் தள்ளிப்போடுவது போல நட்டமான காரியம் வேறில்லை.

குளத்தின் தரையில் ரிட்டர்ன் வாய்க்கு எதிரே மணல் குவிந்தால் ஃபில்டரின் அடியில் உள்ள விரல் போன்ற குழாய்களில் ஒன்று உடைந்திருக்கிறது. மணலை முழுக்க எடுத்துத்தான் சரிசெய்ய முடியும். வேறு வழியில்லை.

இனி தண்ணீர் குறைவது. கோடையில் நம் ஊரில் ஒரு நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். அதற்குமேல் குறைகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்தின் படியில் பாதி மூழ்குமாறு வையுங்கள். வாளிக்குள் உள்ள மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் ஒரே உயரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் லீக். ஒரு நாள் மோட்டாரை ஓட்டியும் இன்னொரு நாள் ஓட்டாமலும் செய்து பார்த்தால் கசிவு குழாயிலா சுவரிலா என்பதும் ஓரளவு பிடிபடும். எங்கள் பக்கத்தில் குரங்குகள் ஸ்கிம்மர் மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போவதும், குளத்தில் குதித்து ஆடுவதும் உண்டு. அந்த நாளில் இந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

ஆவியாவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு குளத்திலேயே நின்றுவிடும். ஈடுகட்ட நாம் விடுவதோ போர் தண்ணீர். அதில் இன்னும் சுண்ணாம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 32 சதுர மீட்டர் பரப்பில் 7 மில்லிமீட்டர் என்றால் நாளுக்கு 224 லிட்டர். மாதம் 6,700 லிட்டர். போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மாதம் மூன்று கிலோவுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து குளத்தில் சேருகிறது. குளத்தின் கடினத்தன்மை ஒரே மாதத்தில் 75 பிபிஎம் (லிட்டருக்கு 75 மில்லிகிராம்) ஏறும். குளத்துக்கு உகந்த அளவு 200 முதல் 400 வரை. மூன்று கோடை மாதங்களில் என்ன ஆகும் என்பதை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

அந்தச் சுண்ணாம்பு போய் உட்காரும் இடங்கள்தான் நாம் ‘மெஷின் ரிப்பேர்’ என்று சொல்லும் இடங்கள். ரிட்டர்ன் வாய் சுருங்கும். ஓட்டின் நீர்மட்டக் கோட்டில் வெள்ளைப் பட்டை படியும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் சாதனம் இருந்தால் அதன் தகடுகளில் ஏறி உட்காரும். எல்லாவற்றிலும் மோசம், ஃபில்டர் மணல் கட்டி தட்டுவது. கட்டிகளுக்கு நடுவே பொந்து விழுந்து தண்ணீர் வடிகட்டப்படாமல் நேராக ஓடிவிடும். பிரஷர் ஏறவே ஏறாது, தண்ணீர் மட்டும் கலங்கலாகவே இருக்கும். இந்த அறிகுறியைப் பார்த்தால் ஃபில்டரைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மணல் உதிரியாக இருக்க வேண்டும். சாதாரணமாக ஐந்து முதல் ஏழு ஆண்டு உழைக்கும் மணல், நம் ஊர்த் தண்ணீரில் அதற்குள்ளாகவே இறுகிவிடலாம். மாற்றும்போது 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணல்தான் போட வேண்டும், கட்டட மணல் கூடவே கூடாது.

இதற்கு நான் கண்ட தீர்வு மழை. மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சிந்தியது போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து தொட்டியில் பிடித்து, குளத்தை ஈடுகட்ட அதையே விடுகிறோம். அத்தோடு நாங்கள் கோடையில் பகலில் குளத்தை விரிப்பால் மூடிவைக்கிறோம். ஆவியாவது வெகுவாகக் குறைகிறது. இவ்விரண்டும் செய்யாத வீட்டில் எத்தனை மருந்து வாங்கினாலும் கடைசியில் தண்ணீரை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

மருந்துக்கு வருவோம். பிஎச் அளவு 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று தெரிந்தால்தான் மனதில் நிற்கும். குளோரினில் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். பிஎச் 7.5இல் நாம் போட்ட குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும். பிஎச் 8க்கு ஏறினால் அது கால் பங்குக்குக் குறைந்துவிடும். குளோரின் அளவு காட்டும் ஆனால் வேலை நடக்காது. சுண்ணாம்பு படிவதும் பிஎச் ஏறும்போதுதான் அதிகம். காரத்தன்மை கூடிய போர் தண்ணீர் பிஎச்சை எப்போதும் மேலேயே தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே அடி அண்ணாமலையில் குளம் வைத்திருப்பவருக்குக் குளோரினைவிட பிஎச்தான் முதல் கவலை. குறைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் ஆசிட், மாற்றிச் செய்யவே கூடாது. மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் பரவலாக ஊற்ற வேண்டும், ஸ்கிம்மரில் ஊற்றக் கூடாது. ஆசிட் கேனை மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். அதன் ஆவியே ஸ்டார்டர் காண்டாக்டையும் மோட்டாரையும் அரித்துவிடும்.

ஊரில் எளிதாகக் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். போடலாம், ஆனால் அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. நேராகக் குளத்தில் கொட்டினால் மேலே சொன்ன கணக்கில் இதுவும் சேரும். வாளியில் கரைத்து, மண்டியை அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கடைக்காரர்கள் விரும்பிக் கொடுக்கும் 90 சதவீத குளோரின் மாத்திரை டிசிசிஏ என்பது. வசதியானது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆனால் அது தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேர்ந்துவிடும். 30 முதல் 50 வரை அந்த அமிலம் நல்லது, வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும். அதைத் தாண்டினால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். வீட்டில் அதை நீக்க ஒரே நடைமுறை வழி, தண்ணீரின் ஒரு பகுதியை வெளியேற்றுவது. தண்ணீரை மாற்றக்கூடாது என்று இவ்வளவு பாடுபடும் நமக்கு அது ஒத்துவராது. நான் பெரும்பாலும் திரவ குளோரினையே, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டையே பயன்படுத்துகிறேன். சூட்டில் வீரியம் குறைந்துவிடும் என்பதால் நிழலில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மாத்திரையையும் பிளீச்சிங் வகைத் தூளையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் கலக்கக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டோடு குளோரின் சேர்ந்தால் நச்சு வாயு.

குளத்தில் குளோரின் வாடை தூக்குகிறது, அளவு கூடிவிட்டது என்று அம்மாகூடச் சொல்வதுண்டு. வாடை கூடினால் பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்றுதான் பொருள். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு சேர்ந்து தீர்ந்துபோன குளோரின்தான் அப்படி நாறும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சோதனைத் திரவம் தீர்ந்துபோனதையும் சேர்த்துத்தான் காட்டும். வேலை செய்யும் குளோரினைத் தனியே காட்டுவது இளஞ்சிவப்பு நிறம் வரும் டிபிடி சோதனை. அதையே வாங்குங்கள். குறைந்தது 1 பிபிஎம், சயனூரிக் அமிலம் சேர்ந்த தண்ணீரில் குறைந்தது 2 பிபிஎம் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2024இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் சிலர் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்தார்கள். நெய்க்லேரியா ஃபௌலெரி என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், மூக்கு வழியாக ஏறும். குடித்தால் வராது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. வந்துவிட்டால் பிழைப்பவர் மிகச் சிலரே. சரியான அளவு குளோரின் அதைக் கொல்லும். பச்சையாகிக் கிடக்கும் குளத்தில், மோட்டார் ரிப்பேர் என்று பத்து நாள் நின்ற தண்ணீரில், விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை இறக்கிவிடுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். ஊரே துக்கத்தில் இருந்த அந்த நாள்களில் குளத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. பின்னர் எங்கள் பக்கத்துக் குளங்கள் பலவற்றில் செம்மண் நீர் நின்றது. இறைத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் பெருமழைக்குப் பிறகு குளத்தைக் காலி செய்வது பேராபத்து. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும். உள்ளே எடை இல்லாத குளத்தை அது அடியிலிருந்து தூக்கி, தரையை விரிசல் விடவைக்கும். அதற்குப் பதில் படிகாரம் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு அசையாமல் விடுங்கள். நம் முன்னோர் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்த அதே வித்தை. காலையில் கலங்கல் அடியில் படிந்திருக்கும். மல்டிபோர்ட்டை வேஸ்ட் நிலையில் வைத்து, அடிப்படிவை மட்டும் மெதுவாக வேக்யூமில் இழுத்து வெளியே தள்ளுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் மணல் முழுக்கப் பிசுபிசுத்துவிடும். படிகாரம் பிஎச்சை இறக்கும், பிறகு சோதித்துச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் தண்ணீர் போகும்தான், 45,000 லிட்டரும் போகாது.

கடைசியாக மின்சாரம். கோடை மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கும் இடங்கள் உண்டு. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230இல் இருக்கும் வலு 180இல் ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும். அதே வேலைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். வோல்டேஜ் நிற்கும் காலை நேரத்தில் டைமர் வைத்து ஓட்டுங்கள், குறைந்தால் தானே அணைக்கும் கருவியும் பொருத்துங்கள். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் 14 கிலோமீட்டர் பாதை முழுக்க மக்கள் வெள்ளம். எந்த மெக்கானிக்கும் வண்டியில் வந்து சேர முடியாது. ஒரு ஓ-ரிங், ஒரு கண்டன்சர், ஒரு சீல் கையிருப்பில் இருந்தால் அந்த நாள்களைக் கடந்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பம்புக்கும் குளத்து விளக்குக்கும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். நீருக்கடியில் உள்ள விளக்கு 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் குளத்திலிருந்து தள்ளி, மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். எர்த் கம்பியை வருடம் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு மோட்டார் ரூமுக்குப் போய் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆகவில்லை என்றால், அது சரியாகும்வரை யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.